முப்பதாம் நாளில் குட்டி கேட்பவர்களுக்கு

எங்கள் லாப்ரடார் நாய் ஜூலி குட்டி போட்டிருக்கிறாள் என்ற செய்தி எங்கள் தெருவைத் தாண்ட இரண்டு நாள் ஆகும். காட்பாடி முழுவதும் பரவ ஒரு வாரம் போதும். அதன் பிறகு வரும் அழைப்புகளில் விலையைக் கேட்பவர்களைவிட, "கண்ணு தெறந்துடுச்சா மேடம், எப்ப வந்து எடுத்துக்கலாம்?" என்று கேட்பவர்களே அதிகம். எட்டு வாரம் முடிந்த பிறகுதான் தருவேன் என்று சொன்னால் எதிர்முனை சற்று நேரம் பேசாது. பிறகு வருவது பெரும்பாலும் ஒரே வாதம்தான்: சின்னதிலேயே எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும், வளர்ந்துவிட்டால் பழகாது, வேறோர் இடத்தில் முப்பது நாளிலேயே தருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால், மூன்று ஈற்றுகளில் பிறந்த 24 குட்டிகளிடம் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெண் நாய். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும் எனக்கு இது பிழைப்பு அல்ல. தீவனம், தடுப்பூசி, பூச்சி மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது, இரண்டு மாதம் தூக்கம் கெட்டதற்கு ஈடாகாத தொகை. ஜூலிக்கு இரண்டு வயது முடிந்து, இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே முதன்முறையாக இணை சேர்த்தோம். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை லாப்ரடார் இனத்தில் பரம்பரையாக வருவது. அந்தப் படத்தைப் பார்க்காமல் குட்டி எடுப்பது, வாங்குகிறவர் தலையில் கடனைக் கட்டிவிடுவதற்குச் சமம் என்பது என் எண்ணம். மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பனவும் அவற்றில் உண்டு. ஆனால் விதியைக் காட்டிப் பேசினால் வாங்க வந்தவர் முகம் சுளிப்பாரே தவிர மனம் மாற மாட்டார். ஆகவே அந்த 56 நாட்களில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நடப்பதைச் சொல்கிறேன்.

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பார்ப்போம். வழக்கமாக 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியிருக்கும் உடல்சூடு 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுத்துவிடும். அதற்கு முன்பே பெட்டி தயாராக இருக்க வேண்டும். எங்கள் பெட்டி நான்கடிக்கு நான்கடி. உட்புறம் சுற்றிலும், தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில், பலகையிலிருந்து சற்று நீட்டிக்கொண்டு ஒரு கட்டை ஓடும். முப்பது கிலோ எடையுள்ள தாய் ஓரத்தில் சாய்ந்து படுக்கும்போது, இடையில் மாட்டிக்கொள்ளும் குட்டி அந்தக் கட்டைக்கு அடியில் நசுங்காமல் கிடக்கும். இதைச் செய்து கொடுத்த ஆசாரி, சாமான் வைப்பதற்காக என்று நினைத்துக் கட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கி அடித்துவிட்டார். காரணத்தைச் சொன்னதும் கழற்றி மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டு, அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

பெட்டியைவிட முக்கியமானது தராசு. அத்தையின் சமையலறையில் 5 கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்று இருந்தது. முதல் ஈற்றின்போது அதை நான் எடுத்துக்கொண்டதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் ஒரு நிறக் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டி, காலையும் மாலையும் நிறுத்து நோட்டில் எழுதுவேன். லாப்ரடார் குட்டி பிறக்கும்போது பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரை இருக்கும். முதல் நாளில் சற்றுக் குறையலாம். பிறகு ஒவ்வொரு நாளும் ஏறி, பத்தாம் நாள் வாக்கில் பிறந்த எடையைப் போல் இருமடங்கு ஆக வேண்டும். குட்டி நோய்ப்படுவது நம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். கணக்கு ஆசிரியை என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று கணவர் கேலி செய்வதுண்டு. ஆனால் அவரும் நான் பள்ளிக்குப் போகும் நாட்களில் எனக்காக நிறுத்து எழுதி வைத்தவர்தான்.

இந்தப் பாடத்தை நான் கற்ற விதம் நல்லதல்ல. 2020 நவம்பர் 23-ஆம் தேதி ஜூலி முதன்முறையாக எட்டுக் குட்டிகள் போட்டாள். எட்டாவது 290 கிராம்தான். கழுத்தில் பச்சை நூல். இரண்டு நாள் கழித்து நிவர் புயல் கரையைக் கடந்த இரவில் எங்கள் பகுதியிலும் மழை கொட்டியது, மின்சாரம் போனது, பெட்டிக்கு மேல் தொங்கவிட்டிருந்த விளக்கும் அணைந்தது. மெழுகுவத்தியோடு போய்ப் பார்த்தபோது ஏழு குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. பச்சை நூல் மட்டும் மூலையில் தனியே கிடந்தது. எடுத்தேன், உள்ளங்கையில் ஈரத் துணியை வைத்தது போல் சில்லென்று இருந்தது. பசியால் சோர்ந்துவிட்டது என்று நினைத்து, பாலைச் சூடாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டு சொட்டு உள்ளே போனது. மூன்றாவது மூக்கு வழியாக வெளியே வந்தது. விடிவதற்குள் இறந்துவிட்டது. மழை விட்டதும் முருங்கை மரத்தடியில் கணவர் குழி தோண்டினார்.

மறுநாள் மருத்துவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. உடல் குளிர்ந்துவிட்டால் குடல் அசைவு நின்றுவிடும், விழுங்கும் திறனும் தளர்ந்துவிடும். அந்த நிலையில் ஊற்றப்படும் பால் செரிக்காமல் தங்கும், அல்லது நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சூடு, அதன் பிறகே பால். அந்தச் சூட்டையும் அவசரமாக ஏற்றாமல், ஒரு மணி இரண்டு மணி நேரம் பொறுமையாக ஏற்ற வேண்டும். 2024 தை மாத ஈற்றில் ஒரு விடியற்காலை அதே போல் ஒரு குட்டி ஒதுங்கிக் கிடந்தபோது, பாலின் பக்கமே போகாமல், புடவைத் தலைப்புக்குள் மார்போடு வைத்துச் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் வந்து போனார், பேப்பர் வந்தது, அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு உள்ளே ஏதோ முனகியது. மூக்கால் என் தோலில் முட்டித் தேடியது. அப்போதுதான் எழுந்து போய் ஜூலியின் பின்காம்பில் பிடித்து வைத்தேன். அந்தக் குட்டி இப்போது குடியாத்தத்தில், வீட்டுக்காரரின் செருப்புகளைத் தின்றுகொண்டு நலமாக இருக்கிறது.

குளிரைப் பற்றி இவ்வளவு சொன்னதால், எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும் என்று இருக்கும். 2022 சித்திரையில் பிறந்த ஏழுக்கும் அந்தச் சூடு எங்கள் பின்னறையில் கேட்காமலே கிடைத்தது, நண்பகலில் அதற்கு மேலும் போனது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை அகழியில் தண்ணீர் இருப்பதைப் பார்த்துக் கண்ணைக் குளிர்வித்துக்கொண்டு நடக்கிறவர்கள் நாம். அப்போது விளக்கைக் கழற்றிவிட்டு, சன்னலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, மின்விசிறியின் காற்று குட்டிகள் மேல் நேரே படாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். வெப்பமானியைவிடக் குட்டிகளே நன்றாகச் சொல்லும்: ஒன்றன்மேல் ஒன்று குவியலாகக் கிடந்தால் குளிர்கிறது, ஒன்றை ஒன்று தொடாமல் மூலைக்கு ஒன்றாகக் கிடந்து கத்தினால் வேகிறது, பக்கம் பக்கமாகப் படுத்துத் தூக்கத்தில் கால்கள் துடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. கோடையில் தாயையும் கவனிக்க வேண்டும். சூடு தாங்காமல் அவள் பெட்டியை விட்டு வெளியே போய்த் தரையில் படுத்துவிட்டால், குட்டிகளுக்குப் பால் கிடைக்காது.

கண் திறப்பது பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் திறந்துவிடும். ஆனால் அப்போது பார்வை மங்கலாகத்தான் இருக்கும், காது அதற்கும் சில நாள் பிறகே திறக்கும். மூன்றாவது வாரம் வரை தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் கழியும். கண் திறந்த குட்டி தயாரான குட்டி என்று நினைப்பது, இலை போட்டதும் சாப்பாடு முடிந்துவிட்டது என்று நினைப்பதைப் போன்றது.

பதினைந்தாம் நாள் முதல் முறை பூச்சி மருந்து. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எட்டாவது வாரம் வரை, எடையைப் பார்த்து மருத்துவர் எழுதித் தரும் அளவில். இவ்வளவு சிறியதற்கு எங்கிருந்து பூச்சி வரும் என்று கேட்பார்கள். உருண்டைப் புழுவின் இளம்புழுக்கள் தாயின் உடம்பிலேயே உறங்கிக் கிடந்து, கருப்பையில் இருக்கும்போதே குட்டிக்குள் போய்விடும், பால் வழியாகவும் போகும். ஆகவே தாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். சந்தையில் "கொழுகொழுன்னு இருக்கு பாரு" என்று தூக்கிக் கொஞ்சப்படும் பானை வயிற்றுக் குட்டிகள் பலவற்றின் வயிற்றில் இருப்பது கொழுப்பு அல்ல.

இந்த இரண்டாம், மூன்றாம் வாரங்களில் பால் உச்சத்தில் இருக்கும்போது தாய்க்குக் கால்சியம் சட்டென்று இறங்கி, கைகால் விறைத்து நடுக்கம் வரலாம். அது காத்திருக்கக் கூடிய நோய் அல்ல, அந்த மணியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பலம் சேரட்டும் என்று சினைக்காலத்திலேயே கால்சியம் டானிக் ஊற்றுவது இதைத் தடுக்காது, மாறாக வரவழைக்கக்கூடும். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும் வேலையை உடம்பு மெத்தனமாக விட்டுவிடும் என்பதே காரணம்.

இனி முப்பது நாள் கதைக்கு வருகிறேன். முதல் ஈற்றில் நானும் அப்படிக் கொடுத்தவள்தான். ஒரு குடும்பம், வீட்டில் பிள்ளைகள், புத்தாண்டுக்குள் வேண்டும் என்று கெஞ்சினார்கள். 34-ஆம் நாளில் சிவப்பு நூல் குட்டியைக் கொடுத்துவிட்டேன். எட்டாம் நாள் இரவு வாந்தி என்று செய்தி வந்தது. மறுநாள் காலை இரத்தமாகப் போகிறது என்று வந்தது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான், அந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு முன் வேறொரு குட்டி இதே போல் இறந்திருந்தது தெரிந்தது. அவர்கள் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும், உயிரோடு கிடக்கும். வீட்டில் ஊற்றிக் கழுவும் பினாயிலை நம்ப முடியாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அப்போதும் மண் தரையைச் சுத்தம் செய்ய வழியில்லை.

இதில் குட்டியின் வயதுக்கு ஒரு பங்கு உண்டு. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியே தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்து சேர்கிறது. அது வாரம் செல்லச் செல்லக் கரைகிறது. கரையும் வரை அதுவே தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. இது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, நான்கு மாதம் ஆகும் வரை ஊசி தொடர்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். முப்பது நாளில் வீடு மாறும் குட்டி, தாயிடமிருந்து வந்தது கரைந்துகொண்டிருக்கும்போதே, தன்னுடையது எதுவும் உருவாகாத நிலையில், புது வீட்டுக் கிருமிகளின் நடுவே போய் உட்காருகிறது. எட்டு வாரத்தில் போகும் குட்டிக்கும் ஆபத்து முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதற்கு ஓர் ஊசி முடிந்து, உடம்பில் ஐந்து கிலோ ஏறியிருக்கும்.

நான்காவது வாரத்தில் திட உணவு. குட்டித் தீவனத்தை வெந்நீரில் கூழாக ஊறவைத்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி வைப்பேன். முதல் நாள் எல்லாம் தாம்பாளத்துக்குள் ஏறி நின்று, காலடியில் இருப்பதைத் தேடும். ஒன்று தும்மும், ஒன்று அதிலேயே படுத்துத் தூங்கிவிடும், பிறகு ஜூலி வந்து தாம்பாளத்தோடு எல்லாரையும் நக்கித் துடைப்பாள். பசும்பால் கொடுங்கள் என்று அத்தை சொன்னதைக் கேட்டு முதல் ஈற்றில் கொடுத்து, இரண்டு நாள் பின்னறையைக் கழுவியே கை ஓய்ந்தது. நாய்ப்பாலில் பசும்பாலைப் போல் இருமடங்குக்கும் மேல் கொழுப்பும் புரதமும் உண்டு, சர்க்கரை குறைவு. பசும்பாலின் சர்க்கரை குட்டிக்குச் செரிக்காமல் கழிச்சலாகிவிடும்.

ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை நடப்பதுதான், முப்பதாம் நாளில் வாங்குபவர் இழப்பது. வெள்ளை நூல் கறுப்பு நூலின் காதைக் கடிக்கும். வலித்தால் கறுப்பு வீறிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிட்டுப் போய்விடும். வெள்ளை சற்று நேரம் விழித்துக்கொண்டு நின்றுவிட்டு, பின்னாலேயே போய், இந்த முறை மெல்லக் கடிக்கும். தாயின் காம்பைப் பல்லால் பதம் பார்த்தால் ஓர் உறுமலில் அடங்கும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்ற கணக்கை ஒரு நாளில் நூறு முறை இப்படிப் போட்டுப் பார்க்கின்றன. தனியாகப் போன குட்டி அந்தக் கணக்கை உங்கள் பிள்ளையின் கணுக்காலில் போட்டுப் பார்க்கும். நான்கு மாதக் குட்டி கடிக்கிறது என்று என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்களிடம் எத்தனை நாளில் எடுத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து என்றுதான் விடை வருகிறது. படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய் மூத்திரம் பெய்யும் வழக்கமும் இந்த வாரங்களில்தான் படிகிறது. தூர மூலையில் பழைய பேப்பரைப் பரப்பி வைத்தால் பாதி வேலையை அவையே முடித்துவிடும்.

குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரம் வரை என்பார்கள். நம்மிடம் ஒட்டாது என்று கவலைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எட்டாவது வாரத்தில் எடுத்தாலும் ஒரு முழு மாதம் உங்கள் கையில் இருக்கிறது. முதல் பாதியில் என் பங்கை நான் செய்துவிடுகிறேன். குக்கர் விசில், மிக்ஸி, காட்பாடி சந்திப்பிலிருந்து வரும் ரயில் ஊதல், ஆம்புலன்ஸ் சத்தம், தெருவில் போகும் மேளம் எல்லாவற்றையும் சாப்பிடும் நேரத்தில் கேட்கப் பழக்குகிறேன். மொசைக், மணல், புல், கோணி என எல்லாத் தரையிலும் நடக்க விடுகிறேன்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜூலி மஞ்சள். 2024-இல் கறுப்பு ஆண் நாயோடு சேர்த்தபோது ஐந்து கறுப்பும் நான்கு மஞ்சளும் பிறந்தன. ராத்திரியில் வேறு நாய் சுவரேறி வந்திருக்கும் என்று அத்தை தெருவுக்கே சொல்லிவிட்டார். மஞ்சள் நிறம் இரு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். கறுப்பு ஆண் நாய் தனக்குள் மஞ்சளை மறைத்து வைத்திருந்தால் குட்டிகள் இரண்டு நிறத்திலும் பிறக்கும். அவருக்கு இதைக் கட்டம் போட்டுக் காட்டினேன். "உன் கட்டத்துல சுவரே இல்லையேம்மா" என்றார்.

வாங்க வருபவரிடம் நான் கேட்கும் கேள்விகள் சிலருக்குப் பெண் பார்க்கும் படலம் போல் இருக்கிறதாம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கட்டிப் போடுவீர்களா, கடந்த ஓராண்டில் வீட்டில் நாய் ஏதும் இறந்ததா. இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் முன்பணம் வாங்குவதில்லை. கடைசியாக உணவு. லாப்ரடார் பசித்துத் தின்பதில்லை, பார்த்துத் தின்கிறது. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றின் ஒரு பகுதி இந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்கு இல்லை என்று கண்டறிந்தார்கள். ஆகவே அது தட்டைப் பார்த்து ஏங்குவதை நம்பி இட்லி போடாதீர்கள் என்று சொல்லியே அனுப்புகிறேன். தலையை ஆட்டுகிறார்கள், ஆறு மாதம் கழித்து வரும் புகைப்படத்தில் இட்லி தெரிகிறது.

குட்டிகளைப் பிரித்தால் தாய் ஏங்காதா என்றும் கேட்பதுண்டு. ஆறாவது வாரத்துக்கு மேல் ஜூலியே அவற்றின் பல்லுக்குப் பயந்து, எட்டாத உயரத்தில் ஏறிப் படுத்துக்கொள்கிறாள். மூன்று ஈற்றோடு அவளுக்கு நிறுத்திவிட்டோம். விதி ஐந்து வரை அனுமதிக்கிறது என்றாலும், கடைசி முறை அவள் இளைத்துப் போனதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கடைசி ஈற்றின் கடைசிக் குட்டி 58-ஆம் நாள் போனது. இருபத்தைந்தாம் நாளிலிருந்து அழைத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், ஆற்காட்டிலிருந்து அம்மாவையும் மக்கன் பேடாப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊசி அட்டை, எடை எழுதிய நோட்டுப் பக்கம், ஜூலி படுத்த துண்டு, பத்து நாளுக்கான, தின்று பழகிய தீவனம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசி எடையைப் போடலாம் என்று குட்டியைத் தராசில் வைத்தேன். ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டதால் எண் வராமல் கோடுகள் மட்டும் மின்னின. அந்த இடத்தில் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

மாலையில் அத்தை தராசை எடுத்துப்போய்ச் சோப்புப் போட்ட துணியால் இரண்டு முறை துடைத்து, வெயிலில் வைத்து, பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். பிறகு அன்று காலை வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை அதில் கொட்டி நிறுத்தார். "அம்பது கிராம் கொறையுது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.